அதே கேள்வி, வேறு ஆள்: உங்கள் லைப்ரரியை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நீங்கள் ஒரு லைப்ரரி, அதாவது மற்ற நிரலாளர்கள் தங்கள் நிரலுக்குள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்துக்குள் நான்கு குழுக்கள் மட்டும் பயன்படுத்துவதாக இருக்கலாம், பொதுவில் போட்டு ஊரே இறக்கிக்கொள்வதாகவும் இருக்கலாம். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் காலையில் சாட்டைத் திறந்தால் நேற்றைய கேள்வியே வேறு ஆளிடமிருந்து வந்து நிற்கிறது. "ஆவணத்திலேயே இருக்கிறதே" என்று தட்டி, அழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பதில் எழுதுகிறீர்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது இது.

தொடங்கும் முன்: கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கடைசியாக வந்த இருபது கேள்விகளை எடுத்து, கேட்டவரின் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். அவர் 'பில்' என்று எழுதியிருந்தால் 'இன்வாய்ஸ்' என்று திருத்த வேண்டாம். அந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

பிறகு மூன்று குவியல். பதில் ஆவணத்தில் இல்லவே இல்லை என்றால் முதல் குவியல். இருக்கிறது, அவர் கண்ணில் படவில்லை என்றால் இரண்டாவது. இருக்கிறது, படித்தார், படித்த பிறகும் தப்பாகவே எழுதினார் என்றால் மூன்றாவது.

முதல் குவியலுக்கு எழுத வேண்டும். இரண்டாவதற்கு, எழுதியதை இடம் மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு எவ்வளவு எழுதினாலும் தீராது, ஏபிஐயில், அதாவது பயனர் கூப்பிடும் ஃபங்ஷன்களின் பெயரிலும் வடிவத்திலும், கை வைத்தாக வேண்டும். நான் பார்த்தவரை எல்லாரும், நானும்தான், மூன்றாவது குவியலுக்கும் இன்னொரு பத்தியை எழுதி ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சொத்தைப் பல்லுக்குத் தலைவலி மாத்திரை போட்ட மாதிரி, அன்றைக்கு மட்டும் அடங்கும்.

இனி அறிகுறிகள். உங்களுடையது எதுவோ, நேராக அங்கே போகலாம்.

அறிகுறி: "இன்ஸ்டால் பண்ணிட்டேன், அப்புறம்?"

உங்கள் லைப்ரரியின் அறிமுகப் பக்கமான ரீட்மியைத் திறந்து, ஸ்க்ரோல் செய்யாமல் முதல் திரையை மட்டும் பாருங்கள். லோகோ, ஐந்தாறு பேட்ஜ், 'நவீன, இலகுவான, நெகிழ்வான' என்று மூன்று அடைமொழி, அதற்குக் கீழே பெட்டிகளும் அம்புகளுமாக ஒரு கட்டமைப்புப் படம். ஓடுகிற நிரல் ஒரு வரிகூட இல்லையா? அதுதான் காரணம்.

அந்தத் திரையில் இருக்க வேண்டியது, நகலெடுத்து ஒட்டினால் அப்படியே ஓடுகிற ஓர் எடுத்துக்காட்டு. அதற்குக் கீழேயே அது அச்சிடும் விடை. இம்போர்ட் வரியை விட்டுவிடாதீர்கள். 'இங்கே உங்கள் கிளையன்ட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள்' என்று மூன்று புள்ளி வைத்துத் தாவவும் வேண்டாம். புதிதாக வந்தவர் மாட்டிக்கொள்வது சரியாக அந்த மூன்று புள்ளிகளில்தான்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, உங்கள் லைப்ரரி இதுவரை ஏறாத ஒரு மெஷினில் ஆவணத்தில் இருப்பதை மட்டும் ஒட்டி ஓட்டுங்கள். கையால் ஓர் எழுத்து சேர்க்க வேண்டி வந்தாலும் தேறவில்லை என்று அர்த்தம். இதை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கையால் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, கருவியிடம் விட்டுவிடுங்கள். பைதானோடு டாக்டெஸ்ட் என்ற மாட்யூல் 2001இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே கூட வருகிறது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டி, எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும். ரஸ்ட்டில் லைப்ரரியின் ஆவணக் குறிப்புக்குள் இருக்கும் நிரலை 'கார்கோ டெஸ்ட்' தானாகவே ஓட்டிப் பார்க்கிறது. இந்த வசதி இருந்தும் பழைய பதிப்பின் எடுத்துக்காட்டு ரீட்மியில் கிடந்தால் அது சோம்பல்தான், வேறு பெயர் இல்லை.

அறிகுறி: ஓடுகிறது, எரர் இல்லை, விடை மட்டும் தப்பு

இருப்பதிலேயே மோசமானது இதுதான். எரர் வந்தால் பயனர் உங்களிடம் வருவார். எரரே இல்லாமல் தப்பான விடை வந்தால் அவர் எங்கேயும் வரமாட்டார், வேறு யாராவது மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடிப்பார்கள்.

முதலில் அலகைப் பாருங்கள். எங்கள் குழுவிலேயே நடந்தது: ஒரு கட்டண நுழைவாயிலைச் சுற்றி நாங்கள் ஓர் உள் லைப்ரரி எழுதியிருந்தோம். பல நுழைவாயில்களைப் போல அதுவும் தொகையைப் பைசாவில்தான் கேட்கும். அதற்கு நல்ல காரணம் உண்டு. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராத தசம எண்களைப் பணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, எனவே முழு எண், எனவே பைசா. அந்தத் தொகையை வாங்கிக்கொள்ளும் எங்கள் பராமீட்டரின் பெயர் வெறும் 'அமவுன்ட்'. ஆவணத்தில் தடித்த எழுத்தில் 'பைசாவில் தரவும்' என்று எழுதியிருந்தோம். புதிதாக வந்த தம்பி அதைப் படித்தும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில் 499 என்று கொடுத்தார். 499 ரூபாய்ப் பொருள் இரண்டு நாள் 4 ரூபாய் 99 பைசாவுக்கு விற்றது. திங்கட்கிழமை கணக்குப் பிரிவு அக்கா வந்து கேட்கும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறதே என்று சந்தோஷமாக வேறு இருந்தோம்.

தம்பியைத் திட்டிப் பயனில்லை. பெயரை 'அமவுன்ட்_பைசா' என்று மாற்றினோம், தீர்ந்தது. நிரலை எழுதும்போது கண் போகும் இடம் பராமீட்டரின் பெயர், ஆவணம் இன்னொரு டேபில் கிடக்கிறது. பிற்பாடு வெளிநாட்டு நாணயங்கள் வந்தபோது அந்தப் பெயரும் போதவில்லை. ஜப்பானிய யென்னுக்குக் கீழே புழக்கத்தில் சில்லறையே கிடையாது, குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். கடைசியில் தொகையையும் நாணயத்தையும் சேர்த்து ஒரே பொருளாகத்தான் வாங்கிக்கொள்கிறோம். முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம்.

நேரத்திலும் இதே கதைதான். பைதானின் டைம் ஸ்லீப் நொடியில் எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட்டின் செட்டைம்அவுட் மில்லி நொடியில் எண்ணும். கோ மொழியில் நேரத்துக்கென்றே தனி டைப் இருக்கிறது, இருந்தும் டைம் ஸ்லீப்புக்கு வெறும் 5 என்று கொடுத்தால் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு 5 நானோ நொடி தூங்கும். ஒரு டைப் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் தனி ரகம். அங்கே மாதம் 0இல் தொடங்குகிறது, நாள் மட்டும் 1இல் தொடங்குகிறது. 2025, 1, 14 என்று கொடுத்து, பொங்கலுக்கு நினைவூட்டல் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்தால் அது காதலர் தினத்தன்று வந்து நிற்கும். 1995இல் அந்த மொழியை அவசரமாக உருவாக்கியபோது ஜாவாவின் அன்றைய டேட் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜாவா 2014இல் 8ஆம் பதிப்பில் ஜாவா டைம் என்று புதிதாக எழுதி, ஜனவரியை 1 ஆக்கிக் கரையேறிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் உலகத்தின் இணையப் பக்கங்கள் பாதி அந்த 0ஐ நம்பியிருப்பதால் மாற்ற முடியவில்லை, டெம்போரல் என்று புதிய பெயரில் தனியாகத்தான் கொண்டுவருகிறார்கள். உங்கள் லைப்ரரிக்கு இன்னும் பத்துப் பேர்தான் பயனர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அலகு சரி என்றால் அடுத்து வரிசை. நினைவகத்தில் ஓர் இடத்தை ஒரே மதிப்பால் நிரப்பும், சி மொழியின் மெம்செட்டில் இடம், மதிப்பு, அளவு என்ற வரிசை. பின்னிரண்டும் இடம் மாறி, மதிப்புக்குரிய 0 அளவின் இடத்துக்குப் போய்விட்டால் 0 பைட்டை நிரப்பிவிட்டு, அதாவது ஒன்றுமே செய்யாமல், சத்தமில்லாமல் திரும்பிவிடும். இந்த ஒரு தவறுக்கென்றே ஜிசிசி கம்பைலரில் தனி எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று பாருங்கள். பிஎச்பியில் ஒரு சொல்லைத் தேடும் ஸ்டர்பாஸுக்கு முதலில் எதில் தேடுவது, பிறகு எதைத் தேடுவது. இன்_அர்ரேவுக்கு அப்படியே தலைகீழ். பத்து வருடம் பிஎச்பி எழுதியவர்கூட மேனுவலைப் பார்த்துத்தான் எழுதுவார். நினைவில் நிற்காதபடி செய்து வைத்துவிட்டு நினைவில்லையே என்று குறை சொல்ல முடியாது.

ஒரே வகைப் பராமீட்டர்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் பெயர் சொல்லித்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். பைதான் 3இல் ஃபங்ஷன் வரையறையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், அதற்குப் பின்னால் இருப்பவற்றைப் பெயரில்லாமல் கொடுக்க முடியாது. அதோடு, லைப்ரரி முழுக்க ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எங்கிருந்து, எங்கே' என்று ஓரிடத்தில் வைத்தால் எல்லா இடத்திலும் அப்படியே வையுங்கள்.

மூன்றாவது கிளை, ஆம் இல்லை என்று தோன்றும் ஒரு சுவிட்சுக்கு உண்மையில் மூன்று நிலைகள் இருப்பது. இதற்கு, இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் எடுக்கவும் பயன்படும் லிப்கர்ல் லைப்ரரியை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. பாதுகாப்பான இணைப்பில், சர்வர் காட்டும் சான்றிதழில் உள்ள பெயர் நாம் போக நினைத்த சர்வரின் பெயர்தானா என்று சரிபார்க்க வெரிஃபைஹோஸ்ட் என்று ஓர் அமைப்பு அதில் உண்டு. 0 என்றால் பார்க்காதே. 2 என்றால் பெயர் பொருந்துகிறதா என்று பார். இடையில் 1: சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார், யார் பெயராக இருந்தாலும் சரி. டிஃபால்ட் (நாம் எதுவும் கொடுக்காவிட்டால் இருப்பது) 2, பாதுகாப்பானது. ஒன்றையும் தொடாதவர் தப்பித்தார். கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்த பிஎச்பி நிரலாளர்கள்தான் 'ட்ரூ' என்று எழுதி வைத்தார்கள். 'ட்ரூ' என்பது 1 ஆகப் போய்ச் சேர்ந்தது. பூட்டை இன்னொரு சுற்று சுற்றுவதாக நினைத்துத் திறந்து வைத்துவிட்டார்கள்.

2012இல் ஸ்டான்ஃபோர்டு, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணம் கைமாறும் மென்பொருள்களிலேயே இந்த 'ட்ரூ' இருப்பது அதில் தெரிந்தது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான்: லிப்கர்லின் ஆவணம் மோசமானதே இல்லை. 0, 1, 2 மூன்றும் என்ன செய்யும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியிருந்தும் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 7.28.1இல் 1 கொடுத்தால் எரர், பழைய மதிப்பே நீடிக்கும் என்று மாற்றினார்கள். 2019இல் 7.66.0 வந்தபோது 1க்கும் 2க்கும் ஒரே பொருள் என்றாக்கிவிட்டார்கள். ஆவணத்தில் இன்னொரு எச்சரிக்கை சேர்த்திருந்தால் இது தீர்ந்திருக்குமா?

உங்கள் ஏபிஐயில் இப்படிப்பட்ட சுவிட்சுகளைத் தேடிப் பாருங்கள். மூன்று நிலை என்றால் மூன்று பெயர் கொடுங்கள், எண் வேண்டாம். யாருக்கும் தேவைப்படாத நடு நிலை என்றால் எடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும் மதிப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். பிஎச்பியின் ஸ்டர்பாஸ், தேடிய சொல் தொடக்கத்திலேயே இருந்தால் 0 தரும், இல்லாவிட்டால் 'ஃபால்ஸ்' தரும், இஃப் கட்டளைக்கு இரண்டும் ஒன்றே. மேனுவலில் அதற்கு எச்சரிக்கை பல வருடங்களாக இருக்கிறது. 2020இல் பிஎச்பி 8.0இல் ஸ்டர்_கன்டெய்ன்ஸ் வந்த பிறகுதான், 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் கேட்க விரும்பியவருக்கு நேரான கதவு கிடைத்தது.

அறிகுறி: "லென் தப்பாகக் காட்டுகிறது"

தமிழில் நிரல் எழுதும் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்தில் மூன்று. பைதானில் நீளம் சொல்லும் லென் 5 என்கிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவத்தில் பைட்டாக எண்ணினால் 15. ஸ்விஃப்ட் மொழியின் கவுன்ட் 3 என்கிறது. நால்வரும் பொய் சொல்லவில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் ஐந்துதான். பயனர் மனதில் இருக்கும் 'எழுத்து' வேறு, உங்கள் மனதில் இருக்கும் 'கேரக்டர்' வேறு, ஆவணமோ 'நீளத்தைத் தரும்' என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது.

இதில் பெரிய வேலை இல்லை. எதை எண்ணுகிறீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், எடுத்துக்காட்டில் ஆங்கிலச் சொல்லை மட்டும் போடாமல் ஒரு தமிழ்ச் சொல்லையும் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்தும் குறியீடும் பைட்டும் ஒன்றாகவே விழுவதால் அங்கே குட்டு வெளிப்படாது. பயனருக்கு உண்மையிலேயே எழுத்துதான் வேண்டும் என்றால், ஓப்பன்-தமிழ் லைப்ரரி கெட்_லெட்டர்ஸ் என்று வைத்திருப்பதுபோல, அதற்குத் தனிப் பெயரில் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். 'லென்' என்ற பெயரின் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

அறிகுறி: எல்லாரும் அதே எட்டு வரியை ஒட்டுகிறார்கள்

நான்கு குழுக்களின் நிரலையும் திறந்து பாருங்கள். நான்கிலும் 'யூட்டில்ஸ்' என்று ஒரு ஃபைல், அதில் உங்கள் லைப்ரரியைச் சுற்றி ஒரு சின்ன உறை, நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இவர்கள் உங்களிடம் கேள்வியே கேட்கமாட்டார்கள், அவர்களே எழுதிக்கொண்டுவிட்டார்கள். அந்த உறைதான் நீங்கள் எழுதாமல் விட்ட ஏபிஐ.

பைதான் 2 காலத்தில் இணையப் பக்கங்களை எடுக்க யூஆர்எல்லிப்2 என்று ஒன்று இருந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ஒரு பக்கத்தை எடுக்க முதலில் கடவுச்சொல் மேலாளர் ஒருவரை உருவாக்க வேண்டும், அவரை ஒரு ஹேண்ட்லரிடம் ஒப்படைக்க வேண்டும், ஹேண்ட்லரை வைத்து ஓப்பனர் கட்ட வேண்டும், அதன் பிறகுதான் பக்கம். ஒரு பட்டாவுக்கு மூன்று மேசை ஏறி இறங்கின மாதிரி. ஒவ்வொரு வகுப்பும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் நியாயமான விளக்கம் உண்டு, ஆனால் நினைவில் வைத்து எழுதியவரை நான் பார்த்ததில்லை. 2011இல் ரிக்வெஸ்ட்ஸ் என்ற லைப்ரரி வந்தது. கெட், முகவரி, 'ஆத்' என்ற பெயரில் ஒரு ஜோடி, முடிந்தது. இன்று பைதானின் அதிகாரபூர்வ ஆவணமே, தன் சொந்த மாட்யூலின் பக்கத்தில், மேல்மட்ட இடைமுகம் வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள் என்று கைகாட்டுகிறது.

ஆகவே அந்த எட்டு வரியை எடுத்து லைப்ரரிக்குள் வையுங்கள். கீழே இருக்கும் பகுதிகளை மூடிவிடவும் வேண்டாம், நூறில் ஒருவருக்கு அவை தேவைப்படும். பராமீட்டர் கூடிவிடுமே என்ற பயம் ஓரளவுக்குத்தான் நியாயம். தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் ரீட்_சிஎஸ்விக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பராமீட்டர்கள் உண்டு, ஆனாலும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தாலே பெரும்பாலும் வேலை நடக்கிறது. எத்தனை இருக்கின்றன என்பதைவிட எத்தனையைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதை எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எளிமையாக்கும்போது எதை மறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அதே ரிக்வெஸ்ட்ஸில் டைம்அவுட் நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால், மறுமுனை பதில் சொல்லாமல் இருக்கும்வரை உங்கள் நிரலும் காத்துக்கொண்டே இருக்கும். 'எப்போதாவது தொங்கிவிடுகிறது, ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது' என்ற புகார் உங்கள் பயனரிடமிருந்து வந்தால் முதலில் இப்படி ஒரு விடுபட்ட டிஃபால்ட் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுமே கொடுக்காத பயனருக்குக் கிடைப்பது பத்திரமானதாக இருக்கட்டும்.

அறிகுறி: ஆவணம் முழுக்க எச்சரிக்கைப் பெட்டிகள்

மஞ்சள் பெட்டி, சிவப்புப் பெட்டி, 'கவனிக்க', 'மிக முக்கியம்'. உங்கள் பக்கங்களில் இவற்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏபிஐயில் சரிசெய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்ட ரசீது.

சி மொழியின் கெட்ஸ் ஃபங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டிலிருந்து ஒரு வரியைப் படிக்கும், ஆனால் வைக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று கேட்கவே கேட்காது. நீளமான வரி வந்தால் பக்கத்து நினைவகத்தில் வழியும். அதைப் பத்திரமாகப் பயன்படுத்த வழியே கிடையாது. 1988 நவம்பரில் இணையத்தைத் தாக்கிய, தானாகப் பரவும் நிரலான மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவைக்குள் இருந்த இந்த கெட்ஸ். லினக்ஸ் மேனுவலில் இதன் விளக்கமே 'ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்' என்றுதான் தொடங்குகிறது. இத்தனைக்குப் பிறகும் தரநிலையிலிருந்து அதை எடுத்தது 2011இல் வந்த சி11இல். இடையில் 23 ஆண்டுகள், வெறும் எச்சரிக்கையோடு.

பெட்டி பெட்டியாக எடுத்து, இதைப் படிக்காமலேயே ஒருவர் தப்பிக்கும்படி ஏபிஐயை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பாதிக்கு மேல் முடியும். பழைய பயனர்கள் உடைந்துவிடுவார்கள் என்றால் புதிய பெயரில் சரியானதைச் சேர்த்து, பழையதைக் கூப்பிடும்போது மாற்று எது என்று சொல்ல வையுங்கள். பைதான் 3.12 இதை நன்றாகச் செய்கிறது. நேர மண்டலம் ஒட்டாத நேரத்தைத் தந்து பலரைக் குழப்பிய யூடிசிநவ்வைக் கூப்பிட்டால், கைவிடப்பட்டது என்பதோடு நிற்காமல் பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது.

அறிகுறி: "எங்கேயும் இல்லையே, எல்லா இடத்திலும் தேடிட்டேன்"

இரண்டாவது குவியல். இங்கே அந்தத் தாளை எடுங்கள். அவர் 'பில் கேன்சல்' என்று தேடியிருக்கிறார், நீங்கள் 'இன்வாய்ஸ் ரிவர்சல்' என்று எழுதியிருக்கிறீர்கள். தேடல் பெட்டி மேல் குற்றமில்லை. அவருடைய சொல்லையும் பக்கத்தில் ஒருமுறை எழுதி வையுங்கள். எரர் செய்திகளை எழுத்து மாறாமல் ஆவணத்தில் போடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் தேடுவது எரரை அப்படியே நகலெடுத்துத்தான்.

சொல் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், ஒரே பக்கத்தில் நான்கு விதமான எழுத்தைக் கலந்திருப்பீர்கள். டேனியலே புரோச்சிடா இதை டையாடாக்சிஸ் என்ற பெயரில் வகைப்படுத்தியிருக்கிறார்: கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பது, ஒரு காரியத்தை முடித்துத்தருவது, பார்த்துக்கொள்ளும் பட்டியல், ஏன் என்று விளக்குவது. சமையலில் வைத்துப் பாருங்கள். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது கடுகின் தாவரவியல் யாருக்கும் வேண்டாம். விளக்கம் நல்லதாகவே இருக்கலாம், அதற்குத் தனிப் பக்கம் கொடுங்கள்.

இன்னொன்று, எரர் செய்தியே ஆவணம்தான். சொல்லப்போனால் எல்லாரும் படிக்கும் ஒரே ஆவணம் அதுதான். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொல்வது, மருத்துவர் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதிக்கொடுப்பது போல. எந்தப் பராமீட்டர், என்ன மதிப்பு வந்தது, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன செய்யலாம், இந்த நான்கும் இருந்தால் கேள்வி சாட்டுக்கு வந்து சேராது. பைதான் 2021இல் 3.10 பதிப்பிலிருந்து, பெயரைத் தப்பாகத் தட்டினால் 'இதைச் சொல்ல வந்தீர்களா' என்று பக்கத்துப் பெயரை எடுத்துக் காட்டுகிறது. சின்ன வேலைதான், ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு எத்தனை அரைமணி நேரம் மிச்சம்.

அறிகுறி: இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள்

இது கொஞ்சம் புது வியாதி. ஏஐயிடம் கேட்டு வாங்கிய நிரலில் உங்கள் லைப்ரரியில் இல்லவே இல்லாத பெயர் ஒன்று. எரிச்சல் வரும். ஆனால் மூன்று பேர் கொண்டுவரும் நிரலிலும் அதே பெயர் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் மற்ற ஃபங்ஷன்களைப் பார்த்த எவரும் 'இதற்கு இப்படித்தான் பெயர் இருக்கும்' என்று ஊகிக்கும் பெயர் அது. 'ரீட்', 'ரைட்', 'டெலீட்' என்று வைத்துவிட்டுப் பட்டியலுக்கு மட்டும் 'என்யூமரேட்ஆல்' என்று வைத்தது நீங்கள்தானே? நான் இரண்டு முறை அந்த ஊகப் பெயரையே லைப்ரரியில் சேர்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் கேள்வி நின்றது.

அறிகுறி: இரண்டு பேரின் நிரல் இரண்டு மொழி மாதிரி இருக்கிறது

ஒரே வேலைக்கு இரண்டு பாணிகளைக் கொடுத்திருக்கிறீர்கள். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பில் பைபிளாட் வழியாகத் தலைப்பு வைத்தால் 'டைட்டில்', ஆக்ஸீஸ் வழியாக வைத்தால் 'செட்_டைட்டில்'. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் பழக்கத்தில் வந்தவர்களுக்காக ஒன்று, பெரிய வேலைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் வரலாற்றுக் காரணம் இருக்கிறது, ஆனால் பாதி நிரலை ஓரிடத்திலும் மீதியை வேறிடத்திலும் எடுத்து ஒட்டியவர் தலையைச் சொறிகிறார். பழைய பாணியை எடுக்க முடியாவிட்டாலும் உங்கள் ஆவணத்தின் எல்லா எடுத்துக்காட்டுகளும் ஒரே பாணியில் இருக்கட்டும். இன்னொன்றைப் பற்றி ஒரே ஒரு பக்கம் போதும்.

அறிகுறி: யாரும் ஒன்றும் கேட்பதில்லை

இதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவரை அழைத்து, ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, அவர் பின்னால் அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அவர் தப்பான பக்கத்தைத் திறக்கும்போது 'அது இல்லைம்மா, அடுத்தது' என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசில் நான் அப்படி உட்கார்ந்தபோது அந்தப் பெண் எங்கள் ஆவணத்தைத் திறக்கவே இல்லை. நேராக இன்னொரு குழு தன் நிரலை வைத்திருக்கும் ரெப்போவுக்குப் போய், லைப்ரரியின் பெயரைத் தேடி, முதலில் கிடைத்த ஃபைலிலிருந்து பத்து வரியை எடுத்து ஒட்டினாள். "எல்லாரும் இதைத்தான் சார் பார்த்து எழுதுறாங்க" என்றாள். அந்த ஃபைல் மூன்று வருடம் பழையது. பழைய 'அமவுன்ட்' அதில் இன்னும் இருந்தது, நாங்கள் பழைய பயனர்களுக்காக விட்டுவைத்திருந்த பின்வாசல் வழியாக. அன்று மாலை ஆவணத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் குழுவிடம் கேட்டு அந்த ஃபைலைத் திருத்தினேன், மறுநாள் பின்வாசலை மூடினேன்.